குறைந்த காசில் குசினியைப் புதுப்பிக்க: கொழும்பு வீடுகளுக்கான கேள்வி பதில்

பேன்ட்ரி (குசினிக்கு அளவெடுத்துச் செய்யும் கபட் வரிசை) போடுவதற்குக் கேட்ட கொட்டேஷனைப் பார்த்துவிட்டு, "இதில் பாதியையாவது நாங்களே செய்ய முடியாதா" என்று கேட்கிறவர்களுக்காக எழுதியது. செய்யலாம், பாதிக்கு மேலேயே செய்யலாம். ஆனால் சில வேலைகளில் கை வைக்கக் கூடாது, அவை எவை என்பதும் கீழே இருக்கிறது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளைப் பக்கத்துச் சின்னக் குசினிகளை மனதில் வைத்தே பேசுகிறேன். இருபது அடி நீளக் குசினி உள்ளவர்களுக்கு இது அவ்வளவாக உதவாது.

கையில் கொஞ்சக் காசுதான் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

காசு செலவாகாத வேலையிலிருந்து. குசினியில் உள்ள எல்லாவற்றையும் வெளியே எடுத்து வையுங்கள், உண்மையாகவே எல்லாவற்றையும், மேல் தட்டில் யாரோ கலியாணத்துக்குத் தந்து இன்னும் பெட்டி பிரிக்காத டின்னர் செட் உட்பட. திரும்ப அடுக்கும்போதுதான் பாதிச் சாமான் உள்ளே போகத் தேவையில்லை என்று தெரியும். "இடம் போதாது, இன்னொரு கபட் வேண்டும்" என்ற பேச்சு பல வீடுகளில் அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

அப்புறம் கழுவுதல். நம்முடைய குசினிச் சுவரில் படிந்திருப்பது வெறும் தூசு இல்லை, தாளித்த எண்ணெயும் ஈரக்காற்றும் சேர்ந்து இறுகிய பசை. வாசிங் சோடாவைச் சுடுநீரில் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, துணியால் ஊற வைத்துத் துடைத்தால் கழன்று வரும். அலுமினியத்தில் மட்டும் அது படக்கூடாது, கறுத்துவிடும். அலுமினியக் கதவுகளுக்குப் பாத்திரம் கழுவும் சோப்பே போதும். கழுவி முடித்த பிறகு, பெயின்ட் அடிக்க வேண்டும் என்று நினைத்த கதவு அப்படியே நன்றாக இருக்கிறது என்று தெரிந்தாலும் ஆச்சரியமில்லை.

காசு செலவழிக்கும் வரிசை என் கணக்கில் இப்படி: முதலில் வெளிச்சம், பிறகு பிணைச்சலும் கைப்பிடியும், பிறகு பெயின்ட், பிறகு டைல்ஸ் இடுக்கு. புதிய பலகை, புதிய கல் எல்லாம் கடைசியில், அதுவும் அப்போதும் தேவை என்று தோன்றினால்.

பழையதை உடைத்துவிட்டுப் புதுப் பேன்ட்ரி போடுவது நல்லதில்லையா?

பெரும்பாலான வீடுகளுக்கு நல்லதில்லை. கொழும்பில் பழைய வீடுகளிலும் ஃப்ளட்களிலும் கொங்கிரீட் ஸ்லாப் இருக்கும், கீழே திறந்த தட்டு, அதற்கு ஒரு திரைச்சீலை. பார்க்க அழகில்லை, சரி. ஆனால் அந்த ஸ்லாப் தண்ணீர் பட்டால் ஊதாது, கறையான் தின்னாது, அம்மியையே தூக்கி வைத்தாலும் அசையாது. அதை உடைத்து அள்ளக் கூலி, குப்பையை ஏற்ற லொறிக் காசு, அதற்குப் பிறகு அதைவிடப் பலவீனமான ஒரு சாமானுக்குப் பெரும் காசு. இந்தக் கணக்கு எனக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை.

மலிவான பேன்ட்ரிகளில் பெரும்பாலும் வருவது மெலமின் ஒட்டிய துகள் பலகை. கடையில் பளபளப்பாக இருக்கும். விளிம்பில் ஒட்டிய பட்டி கழன்று, சிங்குக்குக் கீழே ஈரம் உள்ளே போனால் பலகை ஊதும், ஊதியது காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. தண்ணீர் எட்டாத மேல் அலுமாரிக்கு அதைப் போடலாம், அங்கே பிழையில்லை. கீழே வேண்டாம்.

ஸ்லாப் இருக்கிறவர்களுக்கு வேண்டியது கதவு மட்டும்தான். அலுமினியச் சட்டம் போட்ட கதவை அளவு கொடுத்துச் செய்விக்கலாம், நீங்களே பொருத்தலாம். அளவெடுக்கும்போது ஒவ்வொரு திறப்பையும் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் எடுங்கள். மேசன் கட்டிய திறப்பு எதுவும் சரியான சதுரமாக இருக்காது. மூன்றிலும் சின்ன அளவை வைத்து, பக்கத்துக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் குறைத்துக் கொடுத்தால் கதவு சிக்காது.

பேன்ட்ரிதான் வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால் ஒரு கேள்வியை மறக்க வேண்டாம்: சொல்லும் விலை வற் வரியோடா, வரி இல்லாமலா? 2024 ஜனவரியிலிருந்து அது 18 சதவீதம். கொட்டேஷனின் கடைசி வரியில் அதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய.

மரக் கபட் கதவுக்கு நானே பெயின்ட் அடிக்கலாமா? எப்படி?

தாராளமாக. ஒரு சனி ஞாயிறில் முடிந்துவிடும் என்று மட்டும் நம்ப வேண்டாம்.

கதவுகளைக் கழட்டி, ஒவ்வொன்றின் பின்பக்கமும் பிணைச்சல் வருகிற இடத்தில் டேப் ஒட்டி இலக்கம் போடுங்கள். அந்த இடத்தில் எப்படியும் பெயின்ட் தேவையில்லை. நன்றாகக் கழுவி ஒரு நாள் காய விடுங்கள். பெயின்ட் உரிந்து வருவதற்குக் காரணம் பெரும்பாலும் பெயின்ட் இல்லை, அடியில் மிச்சமிருந்த எண்ணெய்தான். குறிப்பாகக் கைப்பிடியைச் சுற்றி, அடுப்புக்கு நேர் மேலே.

அடுத்தது மணல்தாள். 120ஆம் இலக்கத்தில் ஒரு முறை, 220இல் ஒரு முறை. பழைய பெயின்ட்டை முழுவதும் எடுக்கத் தேவையில்லை, பளபளப்பு மங்கினால் போதும். இங்கே ஓர் எச்சரிக்கை: இலங்கையில் பெயின்ட்டில் இருக்கக்கூடிய ஈயத்துக்கு வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2013இல்தான். அதற்கு முன் அடித்த இனாமலைக் காய்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூசு வீடு முழுக்கப் போகும். சின்னப் பிள்ளைகள், கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் இது விளையாட்டில்லை. தண்ணீர்த் தாளை (ஈரத்தோடு தேய்க்கும் மணல்தாள்) நனைத்து, ஈரத்தோடு தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். மாஸ்க் கட்டாயம். அந்தக் கதவு மரமாக, பழையதாக, பல தடவை அடித்ததாக இருந்தால் தேய்க்காமல் விட்டுவிட்டு வேறு கதவு போடுவதையும் யோசியுங்கள்.

பிறகு பிரைமர் ஒரு பூச்சு, அதன் மேல் இனாமல் இரண்டு மெல்லிய பூச்சு. ஒரே பூச்சாகத் தடிப்பாக அடித்தால் விளிம்பில் வடிந்து கோடு கோடாக நிற்கும். தட்டையான இடத்துக்கு நாலு அங்குல ஸ்பொஞ்ச் ரோலர், மூலைக்கு மட்டும் பிரஷ். கதவைப் படுக்க வைத்து அடியுங்கள்.

எந்த இனாமல்? தின்னர் கலக்கும் வெள்ளை இனாமல் வெளிச்சம் படாத இடத்தில் நாளாக மஞ்சளாகும், கதவின் உட்பக்கத்தில்தான் முதலில் தெரியும். தண்ணீர் கலக்கும் இனாமல் அப்படி மஞ்சளாகாது, மணமும் குறைவு, ஃப்ளட்டில் இருக்கிறவர்களுக்கு அதுவே நல்லது. விலை கூடத்தான். ஆனால் வாங்க வேண்டிய அளவு சின்னது: ஒரு லீற்றர் சுமாராகப் பத்துச் சதுர மீட்டருக்கு ஒரு பூச்சு வரும். இரண்டடிக்கு ஒன்றரை அடியாகப் பத்துக் கதவு, இரு பக்கமும், இரண்டு பூச்சு என்று போட்டால் பதினொரு சதுர மீட்டர் சொச்சம். ஒரு லீற்றரோடு முடியலாம், கையில் இன்னொரு சின்ன டின் இருந்தால் நிம்மதி. நாலு லீற்றர் வாங்கச் சொல்லும் கடைக்காரரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

காய்தல்தான் நம் ஊரில் பெரிய தொல்லை. தொட்டால் ஒட்டவில்லை என்பது வேறு, இறுகிவிட்டது என்பது வேறு. மழை நாளில் டின்னில் போட்டிருக்கும் நேரத்தை நம்பாமல் கூடுதலாக விடுங்கள், கதவைப் பூட்டுவதைச் சில நாள் தள்ளிப் போடுங்கள். அவசரப்பட்டு மாட்டினால் கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது பெயின்ட்டோடு வரும். ஜனவரி முதல் மார்ச் வரை கொழும்பில் ஒப்பீட்டளவில் மழை குறைவு, அதுதான் பெயின்ட் வேலைக்கு நல்ல காலம். பொங்கலுக்கு முன் முடிக்க நினைத்து டிசம்பரில் தொடங்குகிறவர்கள் மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஃபோர்மைக்கா, மெலமின் மேல் பெயின்ட் பிடிக்குமா?

சாதாரணப் பிரைமரில் பிடிக்காது. வழுக்கும் பரப்புக்கென்றே வரும் பிரைமரைக் கேட்டு வாங்க வேண்டும், மணல்தாள் கட்டாயம். அதைச் செய்தாலும் மரத்தில் நிற்பது போல உறுதியாக நிற்காது, மூலை எங்கேயாவது உரியும். ஃபோர்மைக்கா நல்ல நிலையில் இருந்தால் நிறம் பிடிக்கவில்லை என்பதற்காகத் தொடாதீர்கள், கைப்பிடியை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

கைப்பிடி, பிணைச்சல் மாற்றுவதில் என்ன கவனிக்க வேண்டும்?

கைப்பிடி வாங்கப் போகும் முன், இப்போது உள்ளதன் இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை, நடுவிலிருந்து நடுவுக்கு, மில்லிமீட்டரில் அளந்துகொண்டு போங்கள். 96, 128, 160 என்ற அளவுகளில்தான் பெரும்பாலும் வரும். அதே அளவு கிடைத்தால் ஸ்குரூ டிரைவர் ஒன்றே போதும். வேறு அளவு வாங்கினால் பழைய ஓட்டையை அடைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்து, பாதி நாள் போய்விடும்.

உள்ளே மறைந்திருக்கும் பிணைச்சலுக்குக் கதவில் 35 மில்லிமீட்டர் வட்டக் குழி இருக்கும். அந்த அளவு பொதுவானது, அதனால் பழையதைக் கழட்டிவிட்டு அதே குழியில் புதியதைப் பொருத்தலாம். பழையது ஒன்றைக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள், கதவு சட்டத்தை முழுவதும் மூடுகிறதா பாதி மூடுகிறதா என்பதைப் பொறுத்து வகை மாறும். கதவு சாய்ந்து நிற்கிறது என்றால் மாற்றவே தேவையில்லாமலும் இருக்கலாம். அந்தப் பிணைச்சலில் உள்ள ஸ்குரூக்களைத் திருப்பினால் கதவு பக்கவாட்டிலும் உள்ளே வெளியேயும் நகரும், பத்து நிமிட வேலை.

காலி வீதிக்குக் கடல் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று: உப்புக் காற்று சாதாரண இரும்பு, மலிவான முலாம் எதையும் விட்டுவைக்காது. ஸ்குரூ உட்பட ஸ்டெயின்லஸ் ஸ்டீல் வாங்குங்கள், முடிந்தால் 304 தரம். ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தால் ஓரளவு தெரியும், 304 பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது.

டைல்ஸ் பழசாகிவிட்டது. உடைக்காமல் என்ன செய்யலாம்?

பழசாகத் தெரிவது பெரும்பாலும் டைல் இல்லை, இடுக்கு. அந்த இடுக்கை நிரப்பும் கலவையான கிரவுட் கறுத்துப்போயிருந்தால், அதைக் கிரவுட் சுரண்டியால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, தூசு தட்டி, புதுக் கிரவுட்டை ரப்பர் தகட்டால் குறுக்காக அழுத்தி, ஈர ஸ்பொஞ்சால் துடைத்துவிட்டால் சுவர் புதிது போலாகிவிடும். கையும் தோளும் வலிக்கும், அதைத் தவிர இதில் கஷ்டமான வித்தை ஒன்றுமில்லை. சிங்குக்கும் சுவருக்கும் இடையிலான மூலையில் கிரவுட் வேண்டாம், அது வெடிக்கும். அங்கே பூஞ்சணம் பிடிக்காத சிலிகோன் போடுங்கள். கிரானைட் கல் என்றால் வினாகிரி மணக்கிற சிலிகோனை வாங்காமல் நியூட்ரல் என்று எழுதியதை வாங்குங்கள், மற்றது கல்லில் கறை விடலாம்.

பழைய டைலின் மேலேயே புது டைல் ஒட்டுவதும் நடக்கும். முதலில் ஒவ்வொரு டைலையும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள், பொள் என்று சத்தம் வந்தால் அது அடியில் விட்டுப்போயிருக்கிறது, அதன் மேல் ஒட்டினால் இரண்டும் சேர்ந்து விழும். இன்னொன்று, சுவர் சுமார் ஒரு சென்டிமீட்டர் முன்னால் வரும், பிளக் பொயின்ட் எல்லாம் குழிக்குள் போனது போலாகும், அவற்றுக்கு நீள ஸ்குரூ வேண்டும். டைல் வாங்கும்போது பத்து வீதம் கூடுதலாக எடுங்கள், எல்லாப் பெட்டியிலும் ஒரே ஷேட் இலக்கமா என்று பாருங்கள். மிச்சம் விழுந்த டைல்களைக் கடைகள் குறைத்துக் கொடுக்கும். அடுப்புக்குப் பின்னால் உள்ள சின்னச் சுவருக்கு அந்த மிச்சமே போதுமாயிருக்கும்.

டைல் பெயின்ட்? எனக்குப் பெரிய மதிப்பில்லை. தண்ணீர் தெறிக்காத சுவரில் நிற்கும். சிங்குக்குப் பின்னால் நிற்காது.

சுவர் ஸ்டிக்கர்?

வாடகை வீட்டுக்கும், கதவின் மேலும், ஃபிரிட்ஜுக்கும் சரி. காஸ் அடுப்புக்குப் பின்னால் ஒட்டவே வேண்டாம். சூட்டில் சுருங்கி உரியும், உரிந்த மூலை நெருப்புப் பக்கம் தொங்கினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அங்கே ஒரு ஸ்டெயின்லஸ் தகட்டை அளவுக்கு வெட்டுவித்து மாட்டினால் துடைக்கவும் எளிது, வீடு மாறும்போது கழட்டிக்கொண்டும் போகலாம்.

வெளிச்சத்தை ஏன் முதலில் வைத்தீர்கள்?

நம் குசினிகளில் கூரை நடுவில் ஒரு டியூப் லைட். நாம் ஸ்லாப்பைப் பார்த்து நிற்கும்போது வெளிச்சம் முதுகுக்குப் பின்னால், வெங்காயம் வெட்டுவது நம்முடைய நிழலில். மேல் அலுமாரியின் அடியில், முன் விளிம்புப் பக்கமாக ஒரு மெல்லிய, நீளமான எல்இடி லைட் போட்டால் குசினியே மாறிவிடும், வேறு எந்தச் செலவுக்கும் இவ்வளவு பலன் கிடையாது. மேல் அலுமாரி இல்லையென்றால் சுவரில் ஒரு ராக்கை அடித்து அதன் அடியில் போடலாம். பிளக் குத்தி எரியும் வகையை வாங்கினால் வயரிங்கில் கை வைக்கத் தேவையில்லை.

வெளிச்சத்தின் நிறத்துக்கு, பெட்டியில் 4000 கெல்வின் (K) என்று போட்டிருப்பது நல்லது. 6500 என்று போட்டிருக்கும் வெள்ளை கடைகளில் அதிகம் கிடைக்கும், ஆனால் அதன் கீழே பருப்புக் கறியும் சோறும் ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரித் தெரிகிறது என்பது என் அபிப்பிராயம்.

கருவாடு பொரித்தால் வீடு முழுக்க மணக்கிறது. ஹூட் வாங்கலாமா?

புகையை வெளியே தள்ளக் குழாய் இல்லாத, கரி வடிகட்டி மட்டும் உள்ள ஹூட் மணத்தை ஓரளவு பிடிக்கும், சூட்டையும் ஈரத்தையும் திரும்ப அறைக்குள்ளேயே விடும். அந்தக் காசுக்குச் சுவரிலோ யன்னலின் ஒரு கண்ணாடிக்குப் பதிலாகவோ பொருத்தும் எக்ஸோஸ்ட் ஃபேன் மேல். எட்டு அல்லது பத்து அங்குலம் போதும்.

ஃபேன் இருந்தும் புகை போகவில்லை என்று சொல்கிற பல வீடுகளில், ஃபேனுக்குப் பக்கத்து யன்னலைத் திறந்து வைத்திருப்பார்கள். அப்போது ஃபேன் அந்த யன்னல் காற்றை இழுத்து வெளியே விடும், அடுப்புப் புகை நின்ற இடத்திலேயே நிற்கும். பக்கத்து யன்னலை மூடி, எதிர்ப் பக்கத்தில் ஒரு கதவைத் திறந்து பாருங்கள். ஃபேன் இதழில் படிந்த எண்ணெயையும் அவ்வப்போது கழுவுங்கள்.

ஃப்ளட்டில் வெளிச் சுவரில் ஓட்டை போடுவதென்றால் முதலில் முகாமைத்துவக் குழுவிடம் அனுமதி. வெளிச் சுவர் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை.

வயரிங் வேலையை நானே செய்யலாமா?

வேண்டாம். பல்ப் மாற்றுவது, பிளக் குத்தும் லைட் மாட்டுவது உங்கள் வேலை. புதுப் பொயின்ட் இழுப்பது எலக்ட்ரீஷியன் வேலை. இங்கே 230 வோல்ட், குசினியில் ஈரத் தரை, ஈரக் கை.

நீங்கள் செய்யக்கூடியது கணக்குப் பார்ப்பது. 13 அம்பியர் பொயின்ட் ஒன்று தாங்குவது ஏறக்குறைய 3000 வாட். கேத்தல் 2000, மைக்ரோவேவ் 1200, ரைஸ் குக்கர் 700 என்று ஒரே எக்ஸ்டென்ஷனில் குத்தினால் 3900. அதனால்தான் அந்த வயர் சுடுகிறது. இருக்கிற காசில் எலக்ட்ரீஷியனை ஒரு தடவைதான் கூப்பிட முடியும் என்றால், ஸ்லாப்புக்கு மேலே தனித்தனி பொயின்ட்கள் கேளுங்கள், சிங்கிலிருந்து தள்ளி. ட்ரிப் சுவிட்ச் (மின்சாரம் கசிந்தால் தானாக நிறுத்தும் சுவிட்ச்) வேலை செய்கிறதா என்றும் அதில் உள்ள டெஸ்ட் பொத்தானை அமத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் குசினி வேலை எல்லாவற்றுக்கும் முன் அதை மாற்றுங்கள்.

காஸ் சிலிண்டரை அலுமாரிக்குள் மறைக்கலாமா?

மறைக்க எல்லோருக்கும் ஆசை. சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் கீழே தேங்கும். மூடிய அலுமாரிக்குள் தேங்கினால் மணம் வெளியே வரும்போதே நிறையச் சேர்ந்திருக்கும். 2021 கடைசியில் நாடு முழுக்கக் காஸ் வெடிப்புகள் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முடிந்தால் சிலிண்டரை வெளியே, நிழலான இடத்தில் வையுங்கள். உள்ளேதான் என்றால் 12.5 கிலோ சிலிண்டர் வைக்கும் தட்டுக்குக் கதவே போடாதீர்கள், அல்லது கதவின் அடிப்பக்கம் நன்றாகக் காற்றுப் போகிற மாதிரித் திறந்திருக்கட்டும்.

சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் சோப்புத் தண்ணீரை ரெகுலேட்டரிலும் குழாய் முனைகளிலும் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். நெருப்புக் குச்சியால் பார்க்கிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது, ஐயோ வேண்டாம். வெடித்த, இறுகிய ரப்பர் குழாயை மாற்றுவது பெரிய செலவில்லை.

2022இல் காஸ் வரிசையில் நின்ற பிறகு பலர் இன்டக்ஷன் அடுப்பு வாங்கினார்கள். வாங்க நினைக்கிறவர்கள் முதலில் சட்டியின் அடியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் வேலை செய்யும். அலுமினியப் பானை, மண்சட்டி இரண்டும் அதில் சூடாகாது, பாத்திரச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

திருவலை, இடியப்ப உரல், கிரைண்டர் எல்லாம் எங்கே வைப்பது? படங்களில் வருகிற குசினிகளில் இதெல்லாம் இல்லையே.

அந்தப் படங்கள் நமக்காக எடுத்ததில்லை, அவ்வளவுதான். மேசையில் இறுக்கும் திருவலை உள்ள வீட்டில் ஸ்லாப்பின் விளிம்பு ஓரிடத்திலாவது ஒன்றரை இரண்டு அங்குலம் வெளியே நீட்டி நிற்க வேண்டும், கீழே கதவுச் சட்டம் இடிக்கக் கூடாது. கிரானைட் விளிம்பில் நேராக இறுக்கினால் கல் தெறிக்கலாம், மேலும் கீழும் ஒரு பலகைத் துண்டு வைத்து இறுக்குங்கள். அதற்கென்றே ஓர் உறுதியான முக்காலி செய்வித்தால் இன்னும் நல்லது, பால்கனியில் வைத்தும் திருவலாம்.

உயரம் பற்றி: நின்றபடி முழங்கையை மடக்கி, அதிலிருந்து நாலு முதல் ஆறு அங்குலம் கீழே இருப்பது வெட்டுவதற்குச் சுகமான உயரம். இடியப்பம் பிழிய அதைவிடவும் தாழ்வாக வேண்டும், ஏனென்றால் உடம்புப் பாரத்தைக் கொடுத்து அமத்த வேண்டும். ஸ்லாப் உயரமாக இருந்து அம்மா குட்டையாக இருந்தால், ஸ்லாப்பை உடைக்காமல் ஒரு தாழ்ந்த மடக்கு மேசையைச் சுவரில் பொருத்துங்கள். மர மேசை, இரண்டு மடக்குத் தாங்கி, நாலு ஸ்குரூ. கிரைண்டரைத் தூக்கித் தூக்கி வைக்காமல் சில்லுப் பூட்டிய தாழ்ந்த தட்டில் வைத்து வெளியே இழுங்கள்.

சிங்க் பைப்பை நானே மாற்றலாமா?

மாற்றலாம். கீழே உள்ள வால்வை மூடுங்கள், அது இல்லாவிட்டால் டேங்க் வால்வை. த்ரெட் டேப்பை மரையின் பக்கம் பார்த்து வலஞ்சுழியாகச் சுற்றுங்கள், மறுபக்கம் சுற்றினால் பூட்டும்போது கழன்றுவிடும். கழுத்துத் திரும்புகிற, உயரமான பைப் வாங்கினால் பெரிய பானை கழுவ வசதி. முடிந்த பிறகு ஒரு காய்ந்த கடதாசியைக் கீழே விரித்து இரவு முழுக்க விடுங்கள், சொட்டினால் காலையில் தெரியும்.

சாமான்களை எங்கே வாங்குவது?

இரும்புச் சாமான், ஸ்குரூ, பிணைச்சல், கைப்பிடி, பெயின்ட் எல்லாவற்றுக்கும் கொழும்பு 12, பழைய சோனகத் தெருப் பக்கம். காலி வீதிக் கடைகளை விட அங்கே தெரிவும் கூட, பேரம் பேசவும் முடியும். பட்டியலை அளவுகளோடு எழுதிக்கொண்டு போங்கள், ஒரே சாமானை இரண்டு மூன்று கடையில் விலை கேட்டுவிட்டு வாங்குங்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ நேரத்தில் பல கடைகள் மூடியிருக்கும், ஞாயிறும் போயாவும் போய்ப் பயனில்லை. வாகனம் நிறுத்த இடம் தேடி அலையாமல் பஸ்ஸில் போய், முச்சக்கர வண்டியில் திரும்புவதே புத்தி.

பலகை எட்டடிக்கு நாலடித் தாளாக வரும், அது முச்சக்கர வண்டியில் ஏறாது. அளவைக் கொடுத்துக் கடையிலேயே வெட்டச் சொன்னால் துண்டுகளாகக் கொண்டு வரலாம், வீட்டில் வாள் எடுக்கும் வேலையும் மிச்சம். மரத் தளபாடம் என்றால் மொறட்டுவை. பழைய வீடு உடைக்கும் இடங்களில் கிடைக்கும் பலா, தேக்குப் பலகைகளும் ராக்கைக்கு அருமை, ஆனால் கறையான் ஓட்டை, மறைந்த ஆணி இரண்டையும் பார்த்து வாங்குங்கள்.

வாடகை வீடு. எவ்வளவு செலவழிக்கலாம்?

கழட்டிக்கொண்டு போகக்கூடியதற்கு மட்டும். லைட், தகடு, சில்லுத் தட்டு, மடக்கு மேசை. பெயின்ட், கைப்பிடி மாற்றுவதற்கு வீட்டுக்காரரிடம் முதலில் கேளுங்கள், வாய்ப்பேச்சு போதாது, ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது இருக்கட்டும். பழைய கைப்பிடிகளை ஒரு பையில் போட்டு எடுத்து வையுங்கள். சில வீட்டுக்காரர்கள் பெயின்ட் சாமான் காசை வாடகையில் கழிக்க ஒத்துக்கொள்வார்கள், கேட்டால் குறைந்துபோக ஒன்றுமில்லை.

கடைசியில் பாஸ் (மேசன், தச்சர் போன்ற வேலைக்காரர்) ஒருவரைக் கூப்பிட வேண்டி வந்தால் எப்படிப் பேசுவது?

சாமானை நீங்களே வாங்கிக் கொடுத்து, கூலியை மட்டும் பேசுங்கள். சின்ன வேலைக்கு நாள் கூலி பேசினால் நாள் நீளும், வேலைக்கு இவ்வளவு என்று பேசுவது நல்லது, என்னென்ன வேலை என்று எழுதி இருவரும் வைத்திருங்கள். குப்பை அள்ளுவது யார் பொறுப்பு என்பதையும் அதில் எழுதுங்கள், சண்டை பெரும்பாலும் அங்கேதான் வரும். முழுக் காசையும் முன்கூட்டிக் கொடுக்க வேண்டாம். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் நேரத்துக்குப் போகட்டும்.

ஏப்ரல் தொடக்கத்தில் மட்டும் எதையும் கழட்டாதீர்கள். புத்தாண்டுக்கு ஊருக்குப் போகிற பாஸ் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது, அதுவரை பாத்திரத்தைக் குளியலறையில்தான் கழுவ வேண்டி வரும்.